பாலிக் பூலாவில் தூறுகிறது

மலைக்கு அந்தப் பக்கம் தூறினால்
இருபது நிமிடத்தில்
சுங்கை டுவாவில் எங்கள் கொடிக்கயிறு நனையும்.
சில நாள் பதினைந்து.
சில நாள் மேகம் ஆயர் ஈத்தாம் வரை வந்து
மனம் மாறிவிடும்.
இதை நான் கண்டுபிடித்தது
தேர்வுக்கு முந்தின வாரம்,
ஒரே ஜீன்ஸை நான்காம் முறை பிழிந்தபோது.

அங்கிருப்பவர் ஒரு வார்த்தை தட்டினால்
இங்கிருப்பவர் துணி எடுக்கலாம்.
அவ்வளவுதான் யோசனை.
ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்பதுதான்
அதன் கோளாறு.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள்.
நான் மாமாக் கடையில்
மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து பேசினேன்,
பாதி சத்தத்தில் கரையட்டும் என்று.
மழைக்கு "விருந்தாளி" என்று பெயர் வைத்தேன்,
துணிக்குப் "பிள்ளைகள்".
விருந்தாளி வருமுன்
பிள்ளைகளை உள்ளே கூப்பிட வேண்டும் என்று
லோகேந்திரனிடம் கிசுகிசுத்ததைக் கேட்டுத்
தேத்தண்ணி ஆற்றுகிறவர்
தன் மகளைச் சேர்க்க மாதம் எவ்வளவு என்றார்.
எங்கள் முதல் வாடிக்கையாளர்.

பிறகு ஓர் இரகசிய ஒப்பந்தம்,
எங்கிருந்தோ எடுத்தது, பதினொரு பக்கம்,
பெயர்களை மட்டும் மாற்றினேன்.
அறைத்தோழி ஸீ யிங் படிக்காமலே கையெழுத்திட்டாள்.
பாலிக் பூலா எண்ணெய் நிலையத்தில்
காசு வாங்கும் ரொஹானா
கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுக் கேட்டாள்:
"மழை பெய்தால் பெய்கிறது என்று சொல்லவா
இத்தனை தாள்?"
போடவில்லை.

லோகேந்திரனிடம் தாளை நீட்டவே இல்லை.
அவன் கூட்டாளி.
நம் ஊரில் கூட்டாளி என்றால்
ஒரே தட்டில் ரொட்டி சானாய் கிழிப்பவன்.
பதிவுப் படிவத்தில் கூட்டாளி என்றால்
சரிபாதி கேட்பவன்.
இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இத்தனை காலம் எப்படித்தான் குடித்தனம் செய்தோம்?

மார்ச்சில் மேடை ஏறினான்.
நீலச் சட்டை. ஒன்பது ஸ்லைடு.
ஆறாவதில் ஜீன்ஸ்கூட இருந்தது,
நான்காம் முறை பிழிந்தது அவனாம்.
மூன்றாம் பரிசு. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி.
கதவளவு அட்டைக் காசோலை.
லிஃப்டில் அது நுழையவில்லை;
நாலு மாடி தலையில் சுமந்து போனான்.
அந்த ஒரு காட்சிதான்
என் பங்கு இலாபம்.

கேட்டபோது சொன்னான்:
"நீ செய்யாம வச்சிருந்த."
அது உண்மை.
அவன் திருடினான் என்பதும் உண்மை.
இரண்டும் ஒரே கயிற்றில் காய்கின்றன,
இரண்டும் இன்னும் ஈரம்.

நேற்று மாலை நாலே முக்கால்.
வெயில் சுள்ளென்று இருந்தது.
ரொஹானாவிடமிருந்து ஒரே சொல்: ஹூஜான்.
எதிர் பிளாக்கில், நாலாம் மாடியில்,
அந்த நீலச் சட்டை.

என் துணியை எடுத்தேன்.
ஸீ யிங்குடையதை எடுத்தேன்.
மடிக்கவும் செய்தேன், மெதுவாக.
குழுவில் போடலாம்,
அவன் பெயரை முதலில் நீக்கிவிட்டு.
விரல் அந்தப் பெயர்மேல் இருந்தது.
பதினொரு நிமிடம் போயிருந்தது.

கீழே, இரவு வேலைக்குப் போகிற தாதி ஒருத்தி
வெள்ளைச் சீருடையை அப்போதுதான்
உதறி மாட்டிக்கொண்டிருந்தாள்.
அவள் எந்தக் குழுவிலும் இல்லை.

போனை வைத்துவிட்டுக் கத்தினேன்.
கத்தும்போது ஒருவனை மட்டும் நீக்க
வழியில்லை.

ஜன்னல்கள் திறந்தன.
மலாயில், ஹொக்கியனில், தமிழில்
யார் யாரோ யார் யாரையோ கூப்பிட
கயிறுகள் காலியாயின.
நாலாம் மாடியிலும் ஒரு கை வந்தது.
சட்டையை எடுத்தது.
அவன் கைதானா, தெரியவில்லை.
அவசரத்தில் ஒரு காலுறையை விட்டுவிட்டது.

பிறகு மழை.
அந்தக் காலுறை நனைந்து கனத்துத் தொங்குவதை
கடைசிவரை நின்று பார்த்தேன்.